மேசைப் போர்க்களம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சரித்திரப் போர்களைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து மேசைமேல் ஆட ரொம்ப நாளாக ஆசை. 28 மி.மீ. என்று ஒரு பெட்டியில், 1/72 என்று இன்னொரு பெட்டியில் போட்டிருக்கிறது. கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது. எதை வாங்கலாம்?
(தேவகோட்டையிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: தம்பி, எதை வாங்கினாலும் இரண்டையும் கலந்து வாங்கிவிடாதீர்கள். 28 மி.மீ. என்பது பொம்மையின் உயரம். 1/72 என்பது விகிதம். ஐந்தரை அடி ஆளை 1/72 ஆகச் சுருக்கினால் 23 மி.மீ. சொச்சம்தான் வரும். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால், பெரியவர்களுக்கு நடுவில் பள்ளிக்கூடப் பையன் புகுந்த மாதிரி தெரியும்.

28 மி.மீ.க்குள்ளேயே ஒரு வம்பு உண்டு. சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. போன வாரம் என் கடிகாரக் கடை மேசையில் இரண்டு நிறுவனங்களின் பொம்மைகளை வைத்து வெர்னியர் அளவுகோலால் அளந்து பார்த்தேன். பெட்டியில் இரண்டிலும் ஒரே எண்தான். ஆனால் ஒன்று கண் மட்டத்தில் சரியாக 28, மற்றது 30. பெரியதன் தலையும் கையும் உடம்புக்குச் சற்று மிஞ்சியே இருந்தன. தூரத்திலிருந்து முகம் தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செதுக்குகிறார்கள். வெவ்வேறு படைப்பிரிவாக நிறுத்தினால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒரே பிரிவுக்குள் கலக்கக் கூடாது.

3,000 ரூபாய்க்கு 1/72 மென்பிளாஸ்டிக் பெட்டிதான் உங்களுக்குச் சரி. ஒரு பெட்டியிலேயே ஒரு படைப்பிரிவு நிற்கும் அளவுக்கு ஆட்கள் இருப்பார்கள். இந்தப் பிளாஸ்டிக் வளையும், அதனால் துப்பாக்கி முனையில் பெயிண்ட் உரியும். வாங்கியதும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிட்டுத் தொடங்கினால் பாதித் தொல்லை தீர்ந்தது. கையும் கண்ணும் பழகிய பிறகு 28 மி.மீ. கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு வாருங்கள். இங்கிலாந்தில் நாட்டிங்காமிலிருந்து வரும் பெர்ரி, வார்லார்டு பெட்டிகள் அந்த ரகம். ஆனால் தபால் செலவும் சுங்கமும் சேரும். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வையை 20 சதவீதத்திலிருந்து ஒரேயடியாக 60 ஆக்கியது நினைவிருக்கும். தனியாக ஒரு பெட்டி வரவழைக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே பார்சலாகப் போடுங்கள்.

கேள்வி: நீங்கள் ஒரு மினியேச்சரை 'நல்லது', 'சுமார்' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எனக்கு எல்லாமே ஒரே மாதிரிதான் தெரிகிறது.
(காரைக்குடி, கழனிவாசல் வாசகர்)

பதில்: புதிய வாசகர்களுக்காக ஒரு வரி. நான் காரைக்குடியில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். முப்பது வருஷமாக வலது கண்ணில் ஐகிளாஸ் என்னும் உருப்பெருக்கி மாட்டியே உட்கார்ந்திருக்கிறேன். அதே ஐகிளாஸால்தான் மினியேச்சரையும் பார்க்கிறேன்.

எல்லாரும் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கணுக்காலைப் பார்ப்பேன். விளையாட்டில் பொம்மையைத் தூக்கி வைப்பது நூறு தடவை நடக்கும். உடைந்தால் அங்கேதான் உடையும். உலோகப் பொம்மையில் கணுக்கால் தீக்குச்சியை விட மெல்லிசாக இருந்தால், முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் மதிப்பெண் குறைத்துவிடுவேன்.

அடுத்தது துப்பாக்கி பிடித்த கை. விரல்கள் துப்பாக்கியைச் சுற்றி வளைந்து பிடித்திருக்க வேண்டும். மட்டமான வார்ப்பில் விரலும் கட்டையும் ஒன்றாக உருகி ஒரு கட்டியாகக் கிடக்கும். அதை எந்த பிரஷ்ஷாலும் சரி செய்ய முடியாது.

இப்போது என் மேசையில் ஒரு சிப்பாய் நிற்கிறான். இடது தோளிலிருந்து இடுப்பு வரை தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடுகிறது. அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடம் அது. கோடு இருப்பது குற்றமில்லை, அச்சில் வார்த்த எதிலும் இருக்கும். கோடு எங்கே ஓடுகிறது என்பதுதான் விஷயம். இவனுக்கு அது சட்டையின் ஓரத்தோடு ஒட்டி ஓடுகிறது. நாலு இழுப்பு அரம் போட்டால் போய்விடும். செதுக்கியவர் அச்சை நினைத்துச் செதுக்கியிருக்கிறார் என்று அதிலேயே தெரிகிறது. கோடு மூக்கின் குறுக்கே ஓடினால் அந்தப் பொம்மையைத் தொடாதீர்கள். இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று நகர்ந்து, கோடு படியாக நிற்கிறதா என்றும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். படி தட்டினால் அச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அரம் போட்டால் அரைக் காதும் சேர்ந்து போகும்.

உலோகத் துப்பாக்கி வளைந்து வருவது சகஜம். பதறாமல் ட்வீசரின் அகலமான பக்கத்தால் பிடித்து ஒரே தடவையில் நிமிர்த்துங்கள். முன்னும் பின்னுமாக ஆட்டினால் மூன்றாவது தடவை கையோடு வந்துவிடும். ரெசினில் (இறுகும் பிசினில்) வார்த்தது வளைந்து வந்தால் வேறு வைத்தியம். எனக்கு ஒரு முறை பீரங்கிச் சக்கரங்கள் இரண்டும் அப்பளம் மாதிரி நெளிந்து வந்தன. சுடுதண்ணீரில் அரை நிமிஷம் போட்டு, தட்டையான ஓட்டின் மேல் அழுத்தி, அப்படியே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றியதும் நேராகிவிட்டன.

பார்சலைப் பிரித்தவுடன் எண்ணுங்கள். பன்னிரண்டு என்று போட்ட ஒரு பாக்கெட்டில் எனக்குப் பதினொன்றுதான் வந்தது. விற்றவருக்கு மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. அன்றிலிருந்து பிரிப்பதையே செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். நீங்களும் எடுங்கள்.

கேள்வி: இந்த விளையாட்டு யார் கண்டுபிடித்தது?
(குன்றக்குடி, எட்டாம் வகுப்பு மாணவி)

பதில்: இன்றைய ஜெர்மனிப் பகுதியில் இருந்த பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற அப்பாவும் மகனும், பாப்பா. அப்பா 1812இல் அந்த நாட்டு அரசருக்கு ஒரு பெரிய மேசையே செய்து கொடுத்தார். மலையும் ஆறும் சதுரச் சதுரமாகச் செய்த துண்டுகள். மாற்றி மாற்றி அடுக்கிப் புதுப் புது நிலம் உண்டாக்கலாம். ராணுவ அதிகாரியான மகன் அதை வரைபடத்தின் மேல் தாயக்கட்டையோடு ஆடும்படி மாற்றி, 1824இல் விதிகளை வெளியிட்டார். பிரஷ்ய ராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே வைத்தது.

கேள்வி: எங்கள் ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பெட்டி ஒன்று மேல்வீட்டில் இருந்தது. திறந்தால் ஈயப் பொம்மைச் சிப்பாய்கள், குதிரைக்காரர்கள், மொத்தம் பதினெட்டு. சிலதின் மேல் வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. லீவுக்குப் பேரன் வருகிறான். துடைத்துப் புதுப் பெயிண்ட் அடித்து அவனுக்குக் கொடுக்கலாமா?
(பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி)

பதில்: ஆச்சி, தயவுசெய்து பேரன் கையில் கொடுக்க வேண்டாம். ஈயம் விஷம். சிறு பிள்ளை தொட்டுவிட்டு வாயில் கை வைத்தால் போதும். அந்த வெள்ளை மாவும் ஈயம்தான். மூடிய மரப்பெட்டி, அட்டைப்பெட்டி இவற்றிலிருந்து காடி வாசனை மாதிரி ஓர் ஆவி மெல்ல மெல்லக் கசியும். காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது ஈயத்தைத் தின்று வெள்ளைப் பொடியாக்கும். மரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சரி, மூடியே வைத்திருந்தால் இதுதான் கதி.

அதை ஊதாதீர்கள், உலர்ந்த துணியால் தட்டாதீர்கள். கையுறை போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மாவு பூத்ததை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். பிறகு காற்றுப் புகும் கண்ணாடி அலமாரியில் பேரனுக்கு எட்டாத உயரத்தில் நிறுத்துங்கள். அவன் பார்த்து ரசிக்கட்டும்.

புதுப் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். குதிரையின் வயிற்றிலோ, சிப்பாய் நிற்கும் தட்டின் அடியிலோ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'பிரிட்டன்ஸ்' என்று இருந்தால் அது லண்டன் வில்லியம் பிரிட்டன் கம்பெனிச் சரக்கு. 1893இல் அவர்கள் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, மேல்தோல் மட்டும் இறுகியதும் மீதியை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உள்ளே கூடு. கையில் எடுத்தால் நினைத்ததைவிட இலேசாக இருப்பது அதனால்தான். 1966 வாக்கில் ஈயப் பொம்மை செய்வதையே நிறுத்திவிட்டார்கள். ஐயா காலத்துப் பெயிண்ட் உரிந்திருந்தாலும் அந்தப் பெயிண்டோடு இருப்பதற்குத்தான் மதிப்பு. முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து யாராவது வந்து "மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன்" என்று அவசரப்படுத்தினால் கொடுத்துவிடாதீர்கள். பெட்டி, அதன் மேல் ஒட்டிய சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்தே வைத்திருங்கள்.

கேள்வி: துணைப் பொருள்கள் என்று பட்டியல் போட்டால் பொம்மையை விட அதற்குத்தான் செலவாகிறது. எது அவசியம், எது வீண்?
(கோட்டையூர் வாசகர்)

பதில்: பிரஷ்ஷில் கஞ்சத்தனம் வேண்டாம். நல்ல முடியில் செய்த ஒன்றாம் நம்பர் பிரஷ் ஒன்றே ஒன்று. அதை முகத்துக்கும் பெல்ட்டுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் ஸ்டேஷனரிக் கடைப் பிரஷ்ஷால் அடிக்கலாம். சிறு கட்டர், கத்தி, ஊசி அரம் ஆகிய மூன்றும் வேண்டும். பெயிண்டில் ஸ்பெயின் நாட்டு வலேயோ சொட்டுப் புட்டி எனக்குப் பிடித்தது. சொட்டுச் சொட்டாக எடுக்கலாம், மூடி வறண்டு போகாது.

ஈரத் தட்டு என்று விலை போட்டு விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். ஆனால் அந்தப் பொருள் நமக்கு அவசியம். சித்திரை வெயிலில் சாதாரணத் தட்டில் வைத்த சொட்டு, ஒரு சட்டை அடித்து முடிப்பதற்குள் தோல் கட்டிவிடும். தட்டையான டிபன் பாக்ஸில் ஸ்பாஞ்சை நனைத்துப் போட்டு மேலே பட்டர் பேப்பரை விரியுங்கள். அவ்வளவுதான். மூடி வைத்தால் மறுநாளும் பெயிண்ட் ஈரமாக இருக்கும்.

நிற்க வைக்கும் வட்டத் தட்டுக்கு ஹார்டுவேர் கடையில் 25 மி.மீ. இரும்பு வாஷர் கிடைக்கும். பெட்டியின் அடியில் காந்த ஷீட்டை ஒட்டினால், பொம்மைகள் பஸ்ஸில் போனாலும் சாயாது. சிலர் நாணயத்தில் ஒட்டுகிறார்கள். நாணயத்தைச் சிதைப்பது சட்டப்படி குற்றம், வாஷர் இருக்க அது எதற்கு?

தரை விரிப்பில் மௌஸ்பேட் ரகம் கொஞ்சம் விலை. ஆனால் சுருக்கம் விழாமல் படுக்கும். துணி விரிப்பில் சுருக்கத்தின் மேல் ஈட்டிக்காரன் நிற்கவே மாட்டான். தாயக்கட்டை உருட்டும் தட்டு மட்டும் சத்தியமாக வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையில் உட்கார்ந்து ஆடினால் தாயக்கட்டை தூண் வரை ஓடும் என்பது வாஸ்தவம்தான். அதற்கு வீட்டில் இருக்கும் ஓலைக் கொட்டான் போதும். அதற்குள் உருட்டுங்கள். சத்தமும் அடங்கும்.

கேள்வி: கடைசியாகப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். படை முழுக்க வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாத உழைப்பு!
(சிங்கம்புணரி வாசகர்)

பதில்: ஐப்பசி மழையில் அடித்திருப்பீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் ஸ்பிரே வார்னிஷ் அப்படித்தான் பூக்கும். உழைப்பு வீணாகவில்லை, பெயிண்ட் அடியில் பத்திரமாக இருக்கிறது. பளபளக்கும் கிளாஸ் வார்னிஷைப் பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு கோட்டு கொடுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். நன்றாகக் காய்ந்ததும் மேட் வார்னிஷையும் பிரஷ்ஷாலேயே கொடுங்கள். முதலில் ஒரே ஒரு பொம்மையில் செய்து பாருங்கள்.

கேள்வி: சொந்தமாக 3டி பிரிண்டர் வாங்கிவிட்டால் பொம்மை வாங்கவே வேண்டாமே?
(திருப்பத்தூரிலிருந்து ஓர் இளைஞர்)

பதில்: ரெசின் பிரிண்டரில் வரும் முகமும் பொத்தானும் அருமை, மறுக்கவில்லை. ஆனால் இறுகாத ரெசின் தோலில் பட்டால் ஒவ்வாமை வரும். நைட்ரைல் கையுறை, ஜன்னல் திறந்த தனி அறை, கழுவ ஐசோபுரப்பைல் ஆல்கஹால், பிறகு யூவி விளக்கு இத்தனையும் வேண்டும். சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மெல்லிய ஈட்டியும் கத்தியும் பிரிண்டில் கண்ணாடி மாதிரி ஒடியும். கையை மட்டும் பிரிண்ட் எடுத்து, ஈட்டியைத் தனியாகச் செய்து செருகுவதுதான் வழி. வாங்கும் ஃபைலின் உரிமையையும் படியுங்கள். சொந்த உபயோகத்துக்கு என்று வாங்கியதைப் பிரிண்ட் எடுத்து விற்றால் அது செதுக்கியவரின் கூலியில் கை வைப்பது.

வீடு, மதில் போன்றவற்றுக்கு, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் இழைப் பிரிண்டர் போதும். ஆனால் அதில் போடும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 டிகிரிச் சூட்டிலேயே தளர ஆரம்பிக்கும். மே மாதம் காரில் வைத்துவிட்டுப் பிள்ளையார்பட்டிக்குள் போய்க் கும்பிட்டு வருவதற்குள் கோட்டை மதில் குனிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளி வரலாற்று மன்றத்தில் 1801ஆம் வருஷத்து மருது பாண்டியர் போரை மேசையில் ஆடிக் காட்ட நினைக்கிறோம். ஆனால் மருது படை என்று எந்தக் கம்பெனியும் பொம்மை போடவில்லை. 1857 சிப்பாய் பெட்டியை வாங்கி மாற்றலாமா?
(சிவகங்கையிலிருந்து ஓர் ஆசிரியை)

பதில்: டீச்சர், இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்ற பதில்களை எல்லாம் சுருக்கினேன்.

1857 பெட்டி வேண்டாம். அந்தச் சிப்பாய் முழுக்காற்சட்டை போட்டவன். தொப்பி வேறு, துப்பாக்கியும் கேப்பு வைத்துச் சுடுவது. 1801இல் மதராஸ் சிப்பாய்க்குச் சிவப்புச் சட்டை, கீழே தொடை வரை வெள்ளை அரைக்கால் உடை, முழங்காலுக்குக் கீழே வெறுங்கால். கையில் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. தலைப்பாகையை மாற்றப் போய்த்தான் 1806இல் வேலூரில் புரட்சியே வெடித்தது என்று நீங்கள் பாடம் நடத்தியிருப்பீர்கள். அப்படியிருக்க, 1857 தொப்பியை 1801 தலையில் வைத்தால் பிள்ளைகளுக்குத் தப்பான படம் பதிந்துவிடும். திப்பு சுல்தான் காலத்து மைசூர்ப் போர்களுக்கு என்று போடும் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்களைத் தேடுங்கள். அவர்கள்தான் பொருந்துவார்கள்.

மருது படைக்கு என் யோசனை வேறு. கி.மு. 326இல் அலெக்சாண்டரோடு மோதிய போரஸ் படைக்கு என்று பழைய இந்திய வீரர்களைப் போடுகிறார்கள். வெற்று மார்பு, மடித்துக் கட்டிய வேட்டி. உடம்பு நம் ஆட்களுக்குக் கிட்டத்தட்டச் சரி. ஆள் உயர வில்லை வெட்டி எடுத்துவிடுங்கள். கொண்டையைச் சீவிவிட்டு எம்-சீலில் தலைப்பாகை கட்டுங்கள். எம்-சீல் கொஞ்சம் சொரசொரப்பு. விரலில் தண்ணீர் தொட்டு உருட்டி, நூல் மாதிரித் திரித்து மூன்று சுற்றுச் சுற்றினால் முண்டாசு வந்துவிடும். நீலமும் மஞ்சளும் பிசைந்தால் பச்சையாகும் பட்டி இன்னும் வழவழப்பு. ஆனால் முப்பது தலைப்பாகைக்கு அது கட்டுப்படியாகாது.

ஈட்டி முக்கியம். நம் பாளையக்காரர்களின் நீள ஈட்டி 18 அடி வரை இருந்ததாக அக்காலத்து வெள்ளைக்காரர்களே எழுதியிருக்கிறார்கள். 28 மி.மீ. பொம்மையை 1/56 என்று வைத்தால் 98 மி.மீ. வருகிறது, 1/72க்கு 76. பொம்மையைப் போல மூன்று பங்குக்கு மேல்! பெட்டியோடு வரும் ஈட்டி எதுவும் இதற்கு ஆகாது. கம்பி போட்டால் கனத்தில் பொம்மை சாயும். தென்னை ஈர்க்கு போடுங்கள். நுனிப்பக்கம் இயல்பாகவே மெலியும், மூங்கில் மாதிரியே இலேசாகத் துவளும், ஒடியாது. பொம்மையின் கையில் ஊசித் துரப்பணத்தால் துளை போட்டு, ஃபெவிக்விக் ஒரு சொட்டு விட்டுச் செருகுங்கள்.

எறிந்து தாக்கும் வளைதடியான வளரிக்கு என் தொழில் கைகொடுத்தது. இரண்டு அடி வளரி இந்த அளவில் 11 மி.மீ. தேய்ந்து போன கைக்கடிகாரத்தின் மெயின் ஸ்பிரிங்கை நறுக்கினால் பிறைபோல் வளைந்தே நிற்கும், தனியாக வளைக்க வேண்டாம். ஒரு முனையில் எம்-சீல் கடுகளவு வைத்துத் தடிமனாக்கி, மரநிறம் அடித்தேன். ஐகிளாஸில் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, வளரி எறியவும் ஈட்டி வீசவும் தனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான் என்று 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். கற்றுக்கொடுத்தவரையே பிறகு எதிர்த்துப் படையோடு வந்தவர் அவர். இதை ஆட்டம் தொடங்குமுன் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எந்தச் சண்டையை ஆடுவது? காளையார்கோவில் விழுந்த அக்டோபர் 1ஐ எல்லாரும் எடுப்பார்கள். நான் சிறுவயலை எடுப்பேன். காரைக்குடியிலிருந்து சைக்கிளில் போய் வரும் தூரம். 1801 ஜூலைக் கடைசியில் கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை நெருங்கியதும், எதிரிக்குப் பயன்படக் கூடாதென்று சின்ன மருது தன் ஊரையே கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் போனார். அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போடக் கம்பெனிப் படை ஏறக்குறைய ஒரு மாதம் முயன்றது. முடியாமல் கைவிட்டது. நம் பக்கம் ஜெயித்த ஒரு மாதம் அது.

ஆட்ட விதி எளிது. கம்பெனிப் பக்கத்துக்கு ஒரு முறைக்கு இத்தனை அங்குலம் காடு வெட்டலாம். மருது பக்கம் எந்த இடத்திலிருந்தும் புறப்பட்டு வெட்டுகிறவர்களைத் தாக்கிவிட்டு மறையலாம். பன்னிரண்டு சுற்றுக்குள் பாதை மேசையின் மறுகோடியைத் தொட்டால் கம்பெனிக்கு வெற்றி. பீரங்கி அவர்களிடம் இருக்கும். ஆனால் வெட்டிய பாதையில்தான் அது நகரும். பிள்ளைகள் இரண்டு சுற்றிலேயே காட்டின் அருமையைக் கண்டுகொள்வார்கள்.

நிலத்துக்கு நம் செம்மண்ணைச் சல்லடையில் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்து எடுங்கள். வறுக்காவிட்டால் பூச்சியும் பூஞ்சையும் வரும். ஃபெவிக்காலைத் தண்ணீரில் கரைத்துப் பலகையில் தடவி, மேலே தூவுங்கள். கடையில் விற்கும் செயற்கைப் புல் பொடி எல்லாம் இங்கிலாந்துப் பச்சை, நம் ஊருக்கு ஒட்டவே ஒட்டாது. தேங்காய் நாரைப் பிரித்துப் பழுப்புப் பச்சை அடித்தால் முள்காடு. அடர்த்தியாக வையுங்கள், கை நுழையச் சிரமப்பட வேண்டும்.

ஈர்க்கு ஈட்டி நாற்பது நறுக்கிக் கூர் சீவி வைத்திருக்கிறேன். ஸ்பிரிங் துண்டுகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாருங்கள் டீச்சர், துளை போடுவதை உட்கார்ந்து பழகிவிட்டுப் போகட்டும்.